தெரியாம இருக்கறதே சுகமா?

"தெரியாத வரைக்கும் நிம்மதி" என்று ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ரே பிராட்பரி 1953-இல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் ஒரு சமூகமே இதைக் கொள்கையாக வைத்திருக்கும். அங்கே தீயணைப்புப் படைக்கு வேலை, புத்தகங்களைக் கொளுத்துவது. படையின் கேப்டன் பீட்டி அதற்கு ஒரு நியாயமும் வைத்திருப்பார். புத்தகங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும், படிக்கிறவன் குழம்புவான், வருத்தப்படுவான். எரித்துவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம்!

சிரிக்காதீங்க. ஆளு சொல்றதுல கொஞ்சம் விஷயம் இருக்கு.

புலவர் குழந்தை இராவணனை நாயகனாக்கி 3,100 பாடல்களில் எழுதிய 'இராவண காவியம்' 1946-இல் வெளியானது. 1948-இல் அரசு தடை போட்டது. தடை நீங்கியது 1971-இல். நடுவில் 23 வருஷம். தடை போட்ட வருஷம் பிறந்த குழந்தை காலேஜ் முடித்து வேலைக்கே போயிருக்கும். அந்தத் தலைமுறையில் எத்தனை பேர், "ஐயோ, அந்தக் காவியம் கிடைக்கலையே" என்று தூக்கமில்லாமல் தவித்திருப்பார்கள்? இருப்பதே தெரியாத ஒன்றுக்காக யாரும் அழ முடியாது. அப்போ பீட்டி கட்சி ஜெயிச்சாச்சா?

இங்கேதான் எனக்கு நாதமுனிகள் கதை ஞாபகம் வருது. ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்குத் தண்ணி பட்ட பாடு, மத்தவங்களுக்காகச் சொல்றேன். காட்டுமன்னார்கோவிலில் சில யாத்ரீகர்கள் குடந்தைப் பெருமாள் மேல் நம்மாழ்வார் பாடிய ஒரு பதிகத்தைச் சேவிக்கிறார்கள். நாதமுனிகள் உருகிப் போகிறார். ஆனால் கடைசிப் பாட்டில், இது ஆயிரத்தில் ஒரு பத்து என்று குறிப்பு இருக்கிறது. "மீதி எங்கே?" என்று கேட்கிறார். "எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும்" என்கிறார்கள். அவர் குருகூருக்குப் போய், மதுரகவியாழ்வாரின் பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை ஜபித்து நாலாயிரத்தையும் மீட்டார் என்பது குருபரம்பரைக் கதை.

நல்லா கவனிங்க. அந்த யாத்ரீகர்களும் அதே கடைசிப் பாட்டைத்தான் தினமும் பாடினார்கள். அவர்களுக்கு நிம்மதி போகவில்லை. நாதமுனிகளுக்குப் போச்சு. அவருடைய நிம்மதி போனதால்தான் இன்றைக்கு மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, ராப்பத்து என்று அரையர் சேவை நடக்கிறது. பிராட்பரி நாவலின் முடிவில் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்து காப்பாற்றும் மனிதர்கள் வருவார்கள். நம்ம அரையர்கள் அதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்து வருகிறார்கள் :)

ஆக, சந்தோஷமா இல்லையா என்ற கேள்வியே தப்போன்னு தோணுது. பறிபோனது என்ன என்றே தெரியாதவன் சந்தோஷமாகத்தான் இருப்பான். அந்தச் சந்தோஷம் யாருக்கு சௌகரியம் என்பதுதான் கேள்வி.

திருச்சிக்கு வருவோம். 1950-இல் 'ஆரிய மாயை' எழுதியதற்காக அண்ணாவும், 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் தண்டிக்கப்பட்டு திருச்சி சிறையில் இருந்தார்கள். ஆறு மாதத் தண்டனை, பத்து நாளில் விடுதலை. முந்தின வருஷம்தான் இருவரும் பிரிந்து, அண்ணா தி.மு.க. ஆரம்பித்திருந்தார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரையும் ஒரே சிறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது புத்தகங்கள்! எழுதியவர் 1967-இல் முதலமைச்சராகவே ஆகிவிட்டார். சிறை வைத்து அந்தப் புத்தகத்தின் பெயரை ஊரெல்லாம் பரப்பியதுதான் மிச்சம்.

'ஆரிய மாயை'யோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடில்லை. ஆனா உடன்பாடில்லைன்னு சொல்லவே அதைப் படிச்சிருக்கணுமே? யாரோ ஒருத்தர் எனக்காகப் படித்து, எனக்காகக் கோபப்பட்டு, எனக்கு ஆகாது என்று முடிவு செய்தால் என்னுடைய கருத்துக்கு என்ன மரியாதை?

கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபம் ஸ்ரீரங்கம் தாயார் சந்நிதிக்கு எதிரே இருக்கிறது. வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை எப்படிச் சேர்க்கலாம் என்று பண்டிதர்கள் ஆட்சேபித்தார்களாம். பக்கத்தில் இருக்கும் மேட்டழகிய சிங்கரே ஆமோதித்து வழக்கை முடித்தார் என்பது கதை. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேற. ஆட்சேபித்தவர்கள் காதால் கேட்டுவிட்டுத்தான் ஆட்சேபித்தார்கள்.

அரசு போடும் தடையாவது கெஜட்டில் வரும். இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்ற தகவலாவது மிஞ்சும். நாதமுனிகளுக்குக் கிடைத்த கடைசிப் பாட்டு மாதிரி. நாமே எதையும் படிக்காமல் விட்டு, நம் பிள்ளைகளுக்கும் சொல்லாமல் விட்டால்? அப்போ அந்தக் கடைசிப் பாட்டும் இருக்காது. தீப்பெட்டிக்கே வேலையில்லை.

எல்லாரும் ரொம்ப நிம்மதியா இருப்போம். எனக்கு அந்த நிம்மதி வேண்டாம். உங்களுக்கு?