'அலர்ட்', 'வார்னிங்' ரெண்டும் ஒண்ணா? புயல் நேரத்தில் தெரிஞ்சுக்க வேண்டிய வித்தியாசம்!

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே கடலூர், சிதம்பரம் பகுதிகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தைகள் 'அலர்ட்', 'வார்னிங்'. தமிழில் இரண்டையுமே 'எச்சரிக்கை' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் ரெண்டும் ஒண்ணு கிடையாது.

பொருளில் என்ன வித்தியாசம்?

'அலர்ட்' என்றால் விழிப்பாக இருப்பது. "கொஞ்சம் அலர்ட்டா இரு" என்று பேச்சில் சொல்வதும் அதே அர்த்தத்தில்தான். 'வார்னிங்' என்பது, வரப்போகும் ஆபத்து இதுதான் என்று முன்கூட்டியே எடுத்துச் சொல்வது. ஒருவர் அலர்ட்டாக இருக்கலாம். வார்னிங்காக இருக்க முடியாது. வார்னிங் என்பது ஒருவருக்குக் கொடுக்கப்படுவது.

புயல் அறிவிப்பில் எப்படி?

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல் அறிவிப்பை 4 கட்டங்களாக வெளியிடுகிறது. முதல் கட்டம், முன்கூட்டிய கண்காணிப்பு. கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு வருவது 'சைக்ளோன் அலர்ட்'. 24 மணி நேரம் முன்பு வருவது 'சைக்ளோன் வார்னிங்'. கடைசிக் கட்டம், கரையைக் கடந்த பிறகு உள்பகுதிகளில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வது.

அப்போ 'ரெட் அலர்ட்'?

இங்கேதான் குழப்பமே! மழைக்கான நிற அறிவிப்பில் மஞ்சள் என்றால் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள் என்று பொருள். இதில் ஆரஞ்சுதான் 'அலர்ட்', சிவப்பு 'வார்னிங்'. நாம் வழக்கமாகச் சொல்லும் 'ரெட் அலர்ட்' உண்மையில் வார்னிங்தான். 'அலர்ட்தானே' என்று அசால்ட்டாக இருந்துவிடக் கூடாது.

துறைமுகக் கூண்டிலும் இதே கதைதான். 1-ஆம் எண் கூண்டு, தொலைதூர முன்னெச்சரிக்கை. 2-ஆம் எண் ஏற்றப்பட்டால் அது தொலைதூர எச்சரிக்கை.

கடலூருக்கு ஏன் முக்கியம்?

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்ததை மக்கள் இன்னும் மறக்கவில்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகுதான் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தது. புயல் போயாச்சு என்றாலும் ஆற்றங்கரைக்கான வெள்ள அறிவிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதே அதில் கிடைத்த பாடம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

அலர்ட் வந்தால்: ஆவணங்கள், மருந்து, டார்ச், குடிநீர் எடுத்து வையுங்கள். செல்போனுக்கு சார்ஜ் போடுங்கள்.

வார்னிங் வந்தால்: தாழ்வான பகுதியிலோ குடிசையிலோ இருப்பவர்கள், அதிகாரிகள் சொன்னதும் முகாமுக்குக் கிளம்பிவிடுங்கள். 'பார்த்துக்கலாம்' என்று காத்திருக்க வேண்டாம்.

உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070.