மரத்துக்குப் போட்ட வாக்கும் ஒரு மூடை நெல்லும்

2024 நவம்பர் 15, காலை. கல்முனைக்குடிக் கடைத்தெருவில் தேத்தண்ணிக் கடைக்குள் நாங்கள் ஆறு பேர். போனில் திகாமடுல்ல முடிவு வந்தது. ஏழு ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு நாலு. முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று, மக்கள் காங்கிரசுக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. பக்கத்து மேசையில் இருந்த ஒரு மூத்தவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "மரம் இரிந்த ஊருடா இது" என்றார். ஏதோ ஜனாஸா வீட்டில் சொல்வது போலத்தான் அது கேட்டது.

நாலு ஆசனத்துக்கும் காரணம் உகன, தமன, அம்பாறைப் பக்கத்துச் சிங்கள வாக்குகள்தான் என்று சொல்லி அந்தக் கதையை அங்கேயே முடித்திருக்கலாம். பெரும்பகுதி உண்மையும் அதுதான். ஆனால் எங்கள் ஆறு பேரிலேயே இரண்டு பேர் திசைகாட்டிக்குப் போட்டிருந்தார்கள். ஏன் போட்டீங்க என்று கேட்டதற்கு ரெண்டு பேரும் சொன்னது கள்வன், கடன், விலைவாசி. மரத்துக்குப் போட்டவனிடம் கேட்டால், "எங்கட கட்சிதானே" என்றான். இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவில் கிடக்கும் நாற்பது வருசக் கதையைத்தான் இங்கே எழுத நினைக்கிறோம்.

கட்சி பிறப்பதற்கு முந்திய காலத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1956இல் கல்முனையில் வென்ற கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் வென்ற எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் கேட்டவர்கள். இரண்டு பேரும் பிறகு அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள். 1977இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் கூட்டணியோடு உடன்பாடு செய்து உதயசூரியன் சின்னத்தில் ஆள் நிறுத்தியது. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த இளம் சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரப் அந்த மேடைகளில் ஏறி முழங்கினார். ஒரு முஸ்லிம் வேட்பாளரும் வெல்லவில்லை. கல்முனையை ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ.ஆர். மன்சூர் எடுத்தார்.

எங்கட மூத்தவாப்பாமாரிடம் கேட்டால் 1977 பற்றி வேறு ஞாபகம் சொல்வார்கள். பாணுக்குக் கியூவில் நின்றது, சீனி கிடைக்காதது, அரிசி கொண்டுபோக விடாமல் மறித்தது. அந்தத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தன கொடுத்த வாக்குறுதி கிழமைக்கு எட்டு இறாத்தல் தானியம். அதற்கு முன் 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க எதிர்க்கட்சியில் இருந்து வென்றதும் வெட்டப்பட்ட அரிசிக் கூப்பனைத் திருப்பித் தருவேன் என்று சொல்லித்தான். இலங்கையில் எதிர்க்கட்சி வென்ற ஆண்டுகளைப் பார்த்தால் பெரும்பாலும் அதில் ஒரு சோற்றுக் கணக்கு இருக்கும். 1977இல் ஈழம் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த கல்முனைக்குடிக்காரன் வயிற்றுக்கு எட்டு இறாத்தல் என்ற பக்கம் போனதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை.

முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் காத்தான்குடியில் ஒரு அமைப்பாகத் தொடங்கி, 1986இல் அரசியல் கட்சியானது. இடையில் 1985 ஏப்ரலில் கிழக்கில் தமிழ்-முஸ்லிம் கலவரம். 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்து, முஸ்லிம்களை ஒரு வார்த்தை கேட்காமல் வடக்கையும் கிழக்கையும் இணைத்தது. அந்த இணைப்பு மாகாண சபைக்கு 1988 நவம்பரில் தேர்தல் வந்தபோது, மிரட்டலுக்கு நடுவில் மு.கா. போட்டியிட்டு 71இல் 17 ஆசனங்களைப் பிடித்தது. ஈபிஆர்எல்எப் ஆட்சி, மு.கா. பிரதான எதிர்க்கட்சி. கட்சியாகப் பதிவாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை.

எப்படி முடிந்தது? கொழும்பிலிருந்து பெரிய கட்சிகளின் முஸ்லிம் பிரமுகர்கள் பேசிய மொழி இங்குள்ளவனுக்கு ஒட்டவில்லை. அஷ்ரப் கவிதை எழுதுகிறவர். மேடையில் ஒரு மணித்தியாலம் பேசினாலும் ஆள் எழும்பாது. பேச்சுகள் கசெற்றில் பதிவாகி வீடு வீடாகப் போயின. கட்சிக்காரன் தன்னைப் "போராளி" என்று சொல்லிக்கொண்டான். நாரே தக்பீர் முழக்கம், மரச் சின்னம், பச்சைக் கொடி. நீ யார் என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடைத்தது. அப்போது அந்தக் கேள்விதான் உயிர்க்கேள்வி. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல், ஏறாவூர், வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் எல்லாம் வந்த பிறகு அது இன்னும் இறுகியது. அந்த நேரத்தில் உரம் விலை பற்றிப் பேசவில்லையே என்று இன்று இருந்துகொண்டு குறை சொல்வது எங்களுக்கு அழகில்லை.

ஆனால் அந்த எதிர்க்கட்சிக் காலத்தில் அஷ்ரப் செய்த ஒரு வேலையைப் பற்றிப் பேசாமல் "பெருந்தலைவர்" என்று பாட்டு மட்டும் போடுகிறோம். அன்றைய விகிதாசார முறையில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காத கட்சிக்கு ஆசனமே கிடையாது. சிதறி வாழும் முஸ்லிம்களின் கட்சிக்கு அது பூட்டுப் போட்ட கதவு. 1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் முந்தி, பிரேமதாசவுக்கு முஸ்லிம் வாக்கு தேவைப்பட்ட நேரத்தில், அந்த எட்டில் ஒன்று இருபதில் ஒன்றானது. பதினைந்தாவது திருத்தம். அமைச்சு கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. பன்னிரண்டரையை ஐந்தாக்கு என்ற ஒரே கோரிக்கை. வள்ளம் தள்ளுகிறவனுக்கும் இரண்டு நிமிசத்தில் விளங்கப்படுத்தலாம், கிடைத்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்கலாம், நாட்டிலுள்ள எல்லாச் சின்னக் கட்சிக்கும் பிரயோசனம். 1989 பொதுத்தேர்தலில் மு.கா.வுக்கு நாலு ஆசனம் கிடைத்தது.

1994இல் சந்திரிகா பாண் விலையை மூன்று ரூபா ஐம்பது சதமாகக் குறைப்பேன் என்று நாடெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மு.கா. அவரோடு உடன்பாடு செய்தது. முடிவு வந்தபோது பொதுசன முன்னணிக்கு 105, மு.கா.வுக்கு 7, மலையக மக்கள் முன்னணிக்கு 1. கூட்டினால் 225இல் 113. அந்த ஏழு இல்லாமல் அரசாங்கமே இல்லை. அஷ்ரப் கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். 1995இல் ஒலுவிலில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. எங்களில் நாலு பேர் அங்கே படித்தவர்கள். அது இல்லாவிட்டால் எங்கட ராத்தாமாரில் எத்தனை பேர் பட்டம் எடுத்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்.

கூடவே துறைமுக அதிகாரசபை வேலைகளும் வந்தன. கிழக்கிலிருந்து இளைஞர்கள் கொழும்புக்குப் பஸ் ஏறினார்கள். ஒரு வீட்டில் ஒருத்தனுக்குத் துறைமுக வேலை என்றால் அந்த வீட்டின் கூரையே மாறியது. வேலை கொடுத்தது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. அதுவே கட்சியின் பொருளாதாரக் கொள்கையாக ஆகிவிட்டதுதான் பிழை. வேலை கொடுக்க அமைச்சு வேணும், அமைச்சுக்கு அரசாங்கத்தில் இருக்க வேணும். அப்போ எதிர்க்கட்சியில் இருக்கும்போது சனத்துக்குச் சொல்ல உங்களிடம் என்ன இருக்கு? 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அஷ்ரப் மரணித்த பிறகு கட்சி துண்டு துண்டானது. ஒவ்வொரு துண்டும் ஒரு அமைச்சைத் தேடிப் போனது. ஊர்களும் அந்தக் கணக்கில் பழகிவிட்டன: எங்கட ஊருக்கு அமைச்சர் இரிக்கா, இல்லையா?

எங்களில் ஒருத்தன் பட்டம் எடுத்துவிட்டு ஒரு அரசியல்வாதியின் வீட்டு முற்றத்தில் மூன்று மாதம் காத்துக்கிடந்தான். கடிதம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. இப்போது கட்டாரில் இருக்கிறான். தேர்தல் அன்று இரவு வாட்ஸ்அப்பில் அவன்தான் முதலில் முடிவு கேட்டவன்.

2020இல் இதன் விலை தெரிந்தது. கொவிட் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஒக்டோபர் 22இல் இருபதாவது திருத்தத்துக்கு வாக்கெடுப்பு. தலைவர் றவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய கட்சி உறுப்பினர்கள் நாலு பேர் அரசாங்கத்தோடு ஆதரித்து வாக்களித்தார்கள். எதிரணியில் நின்று வாக்குக் கேட்டவர்கள். அடுத்த மே மாதம் கோட்டாபய அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடையை நீக்கும்போது வட்டைகளில் பயிர் மஞ்சளாகிக் கிடந்தது. அம்பாறை மாவட்டமே நெல்லில் சீவிக்கிறது. யூரியா இல்லாமல் விதைத்த வாப்பாமாருக்காகப் பேசும் முதல் தகுதி இந்தக் கரையின் கட்சிக்குத்தான் இருந்தது. ஆனால் ஏழு மாதத்துக்கு முன் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்த கையை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? 2022இல் காலிமுகத்திடலில் கூட்டம் திரண்டபோது அந்தக் கோபத்துக்குச் சொல் கொடுத்தது வேறு ஆட்கள்.

ஒலுவில் துறைமுகத்தையும் பாருங்கள். அஷ்ரப் கண்ட கனவு; டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். வாயில் மண் மூடுகிறது, படகு போக முடியவில்லை. பக்கத்துக் கரையைக் கடல் தின்று தென்னந்தோட்டங்கள் விழுந்தன. மேடைகளில் இது ஒரு நினைவுச் சின்னம் போலப் பேசப்படுகிறது. மீனவனுக்கு இது டீசல் கணக்கு: மண் தோண்டாத வரைக்கும் எத்தனை நாள் தொழில் இல்லை என்ற கணக்கு.

எங்களுக்குப் பெரிய வியப்பைத் தந்தது வேறொரு 1981. கல்லோயாத் திட்டத்தில் வாய்க்காலின் தலைப்பக்கம் சிங்களக் குடியேற்றங்கள். வால்பக்கம் கரையோரத் தமிழ்பேசும் வயல்கள், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அதைத்தான் நாம் இனப்பிரச்சினை என்று கற்றோம். அதில் உண்மையும் இருக்கு. ஆனால் மு.கா. காத்தான்குடியில் தொடங்கிய அதே 1981இல், கொர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கல்லோயா இடதுகரையில் விவசாயிகள் குழுக்களை உருவாக்கத் தொடங்கின. தலைப்பக்கத்து விவசாயிகள் முறை வைத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்து வால்பக்கத்துக்கு விட்டார்கள். நாலு வருசம் கழித்துக் கலவரம், பிறகு யுத்தம். ஆனாலும் "தண்ணி கடைசி வயல் வரைக்கும்" என்பதை ஒரு கட்சி கையில் எடுத்திருந்தால், அது உகனக்காரனுக்கும் விளங்கக்கூடிய கோரிக்கையாக இருந்திருக்கும் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. பன்னிரண்டரையை ஐந்தாக்கியது போல எண்ணிப் பார்க்கக்கூடிய கோரிக்கை.

அடையாளக் கட்சியால் இது முடியாது என்று சொல்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்டலாம். மொழிப் போராட்டத்தில் வளர்ந்த தி.மு.க. 1967இல் எதிர்க்கட்சியாக நின்றபோது சொன்னது: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். வென்ற பிறகு ஒரு படியையும் சென்னையிலும் கோவையிலும்தான் கொடுக்க முடிந்தது. ஆனால் லட்சியத்தையும் நிச்சயத்தையும் பிரித்துச் சொன்ன அந்த நேர்மை எங்கட மேடைகளில் காணக் கிடைக்காதது.

சாய்ந்தமருதை மறந்துவிடக் கூடாது. எங்களுக்கு அடுத்த ஊர், மதில் பொதுவான ஊர். தனி உள்ளூராட்சி சபை தருவோம் என்று கட்சிகள் மாறி மாறிச் சொன்னது நடக்காமல், 2018இல் பள்ளிவாசல் ஆதரவோடு சுயேச்சைக் குழு தோடம்பழச் சின்னத்தில் நின்று அந்த ஊரை அள்ளியது. 2020 பெப்ரவரியில் நகர சபை என்று வர்த்தமானி வந்து சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. எங்கட ஊரில் இதைத் துரோகம் என்றார்கள், அங்கே உரிமை என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒன்று: ஒரே ஆளுக்கு ஒரே வாக்குறுதியை நாலு தேர்தலில் விற்க முடியாது.

சரி, நீங்கள் எழுதினால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார் ஒருத்தனின் வாப்பா. அதனால் போன மாதம் கடற்கரைப் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்து ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதிப் பார்த்தோம். நெல் விலையை விதைக்கும் முன் அறிவிக்க வேணும். ஒலுவில் வாயில் மண் தோண்டும் திகதியை வருசா வருசம் போட வேணும். மருதமுனை நெசவுக்கு நூல். வெளிநாடு போகிறவனுக்கு ஏஜென்சிக் காசுக்கு உச்ச வரம்பு. "உரிமை" என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. வெட்டவா விடவா என்று அரை மணித்தியாலம் சண்டை. விட்டோம்.

அவர் கண்ணாடி போட்டு முழுசாக வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, ஒரு ஏக்கருக்கு உழவுக் கூலி, விதை, பசளை, எண்ணெய், வெட்டு மெஷின் என்று வரிசையாக எழுதிக் கூட்டினார். கீழே "மூடை ஒன்று" என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது, எழும்பிப் போய்விட்டார். இந்தப் போகத்து நெல் என்ன விலைக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது.