பற்சிப்பியும் சீரொளியும்

பல்லில் குழி விழுந்தால் ‘பூச்சி அரித்துவிட்டது’ என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் கூற்று. இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பல்லைப் புழு தின்கிறது என்னும் நம்பிக்கை பாபிலோனியரின் களிமண் பலகைகளிலேயே பதிவாகியுள்ளது. 1728இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் அதனை மறுத்தார். 1890இல் வில்லோபி மில்லர், வாயில் வாழும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்க, அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என விளக்கினார். பூச்சி போயிற்று, சொல் நின்றுவிட்டது.

பல்லின் மேலுறையைப் பற்சிப்பி என்கிறோம். அழகிய சொல்தான், ஆயினும் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றும். சிப்பிக்குள் வாழும் உயிர் தன் ஓட்டில் ஏற்படும் சிதைவைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். பற்சிப்பிக்கு அவ்வாற்றல் இல்லை. அதனை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமாகிய அவ்வுறை, குழிந்தபின் மீண்டும் வளராது. ஆகவே கரையுமுன் காப்பதே அறிஞர் தேடிய வழியாயிற்று.

முதலில் கைகொடுத்தது ஃபுளோரைடு. 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரக் குடிநீரில் அது சேர்க்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் தீவு முழுமைக்கும் அம்முறையை மேற்கொண்டது.

1960இல் தியடோர் மைமன் மாணிக்கக்கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். தமிழில் சீரொளி என்கிறோம். சில ஆண்டுகளுக்குள் ஸ்டெர்ன், சோக்னேஸ் ஆகியோர் அதனைப் பல்லின்மீது பாய்ச்சிப் பார்த்தனர். பல்லைக் குடைவதற்கு அது அன்று ஏற்றதாக அமையவில்லை; வெப்பம் உள்ளிருக்கும் உயிர்க்கூழைத் தாக்கக்கூடும். ஆனால் ஒளிபட்ட பற்சிப்பி அமிலத்தில் மெதுவாகவே கரைந்தது! படிகங்களில் கலந்துள்ள கார்பனேட்டே அமிலத்திற்கு எளிதில் இடங்கொடுப்பது; வெப்பம் அதனைக் குறைத்துவிடுகிறது என்பது பின்னர் வந்த விளக்கம். பற்சிப்பி நன்கு உறிஞ்சும் அலைநீளமுடைய கரியமிலவாயுச் சீரொளி வந்தபின், வெப்பத்தை மேற்பரப்போடு நிறுத்துதல் எளிதாயிற்று.

நானோ துகள்களின் கதை வேறு. பற்சிப்பியின் கனிமமாகிய ஹைட்ராக்சிஅபடைட்டையே பற்பசையில் கலந்து ஜப்பானியர் 1980இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அத்துகள்கள் மீநுண் அளவினவாயின், அரிப்புத் தொடங்கிய இடத்தின் நுண்துளைகளில் படிய வல்லன. வெள்ளிச் சேர்மம் கலந்த ஃபுளோரைடு மருந்து சொத்தையை நிறுத்தும். ஆனால் அவ்விடத்தைக் கறுப்பாக்கிவிடும். அக்கறையைத் தவிர்க்கும் நோக்குடனேயே வெள்ளி நானோ துகள்கள் ஆராயப்பட்டன.

சீரொளி ஆய்வுகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில் நிகழ்ந்தவை. எச்சிலும் உணவும் நாவும் இயங்கும் வாய் வேறோர் உலகம். அங்கே இன்றளவும் முன்னிற்பது ஃபுளோரைடு கலந்த பற்பசையே.