லிஸ்பனில் தொலைப்பணி வாழ்வு

லிஸ்பனில் தொலைப்பணி வாழ்வு என்பது, வேறொரு நாட்டின் நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ இணையவழியே பணிபுரிந்துகொண்டு, போர்த்துகலின் தலைநகரான லிஸ்பனில் வசிக்கும் வெளிநாட்டவரின் வாழ்க்கை முறையைக் குறிக்கும். இவ்வாறு வாழ்வோர் டிஜிட்டல் நாடோடிகள் என்றும் அழைக்கப்படுகின்றனர். இவர்களின் வருமானம் பிற நாடுகளின் ஊதிய நிலையைச் சார்ந்தது. நகரத்தின் பூர்வ குடியிருப்பாளர்களோ உள்ளூர் ஊதியத்தில் வாழ்பவர்கள். இரு சாராரும் ஒரே வீட்டுச் சந்தையில் வாடகைக்கு வீடு தேடுவதால் இவ்வாழ்க்கை முறை அரசியல் விவாதப் பொருளாக மாறியுள்ளது.

நகரமும் வீடுகளும்

லிஸ்பன் டேகஸ் ஆற்றின் கழிமுகத்தில் குன்றுகளின் மீது அமைந்த பழைமையான நகரமாகும். 1755 ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று ஏற்பட்ட நிலநடுக்கமும், தொடர்ந்த ஆழிப்பேரலையும் தீயும் நகரின் பெரும்பகுதியை அழித்தன. அதன்பின் பொம்பால் பிரபுவின் மேற்பார்வையில் பைஷா பகுதி நேர்த் தெருக்களுடன் மீண்டும் கட்டப்பட்டது. அங்குள்ள கட்டடங்களின் சுவர்களுக்குள் நில அதிர்வைத் தாங்கும் மரச்சட்டகம் அமைக்கப்பட்டது. அழிவிலிருந்து பெரிதும் தப்பிய அல்ஃபாமா பகுதி குறுகிய சந்துகளும் படிக்கட்டுகளும் கொண்டது.

பழைய வீடுகள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. அறைகளைச் சூடாக்கும் பொது அமைப்பும் அரிது. எனவே மிதமான குளிர்காலத்திலும் வீட்டினுள் ஈரமும் குளிரும் உணரப்படும்.

பின்னணி

2009 இல் போர்த்துகல், புதிதாகக் குடியேறுவோருக்கான வரிச்சலுகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2011 இல் கடன் நெருக்கடியால் அந்நாடு பன்னாட்டு நிதியுதவி பெற்றது. 2012 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், நெடுங்காலம் உயராதிருந்த பழைய வாடகைகளைத் திருத்த வழி செய்தது. அதே ஆண்டில், வீடு வாங்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு வதிவுரிமை தரும் "தங்க விசா" அறிமுகமானது. சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு வீடு விடுவதை 2014 ஆம் ஆண்டுச் சட்டம் எளிதாக்கியது. 2016 இல் வெப் சம்மிட் என்னும் தொழில்நுட்ப மாநாடு டப்ளினிலிருந்து லிஸ்பனுக்கு மாறியது. 2020 இல் பரவிய கோவிட்-19 பெருந்தொற்று தொலைப்பணியைப் பொதுவழக்காக்கியது.

விசா

ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. பிற நாட்டவருக்காக, பொதுவாக டி8 எனப்படும் தொலைப்பணி விசா 2022 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இதில் ஓராண்டு வரையிலான தற்காலிகத் தங்கல், வதிவுரிமைக்கு வழிவகுக்கும் விசா என இரு வகைகள் உள்ளன. வருமானம் போர்த்துகலுக்கு வெளியிலிருந்து கிடைக்க வேண்டும்.

விண்ணப்பிப்பவரின் சராசரி மாத வருமானம் போர்த்துகலின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்காவது இருத்தல் வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் 2022 இல் 705 யூரோவாக இருந்தபோது இவ்வரம்பு 2,820 யூரோ ஆனது. 2025 இல் ஊதியம் 870 யூரோவாக, வரம்பு 3,480 யூரோ ஆனது. போர்த்துகலில் ஆண்டுக்கு 14 மாத ஊதியம் வழங்கப்படுவதைக் கணக்கில் கொண்டாலும் இடைவெளி பெரிதே. விசா பெறத் தகுதியான குறைந்த வருமானமே உள்ளூர்த் தொழிலாளர் பலரின் ஊதியத்தைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதை இவ்விதி காட்டுகிறது.

வரி

பொதுவாக 12 மாதங்களில் 183 நாட்களுக்கு மேல் தங்குபவர் வரி நோக்கில் வதிவாளராகக் கொள்ளப்படுவார். 2009 ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி குறிப்பிட்ட தொழில்களின் வருமானத்துக்கு 10 ஆண்டுகள் 20 விழுக்காடு வரி மட்டுமே விதிக்கப்பட்டது. சில இடைக்கால விலக்குகளுடன் 2024 இல் இது புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டு, ஆய்வு, புத்தாக்கத் துறையினருக்கான குறுகிய சலுகை கொண்டுவரப்பட்டது.

பணிச்சூழல்

லிஸ்பனின் நேரம் இலண்டனின் நேரத்தை ஒத்தது. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது வழக்கமாக இங்குப் பிற்பகல் 2 மணி. எனவே அமெரிக்க நிறுவனப் பணியாளருக்கு வேலை இரவு வரை நீளும். குளிர்காலத்தில் இந்தியாவின் காலை 10 மணி இங்கு அதிகாலை 4.30 மணியாகும். பழைய தொழிற்கட்டடங்கள் சில அலுவலக வளாகங்களாக மாற்றப்பட்டுள்ளன; பெயாட்டோ பகுதியில் இராணுவத்துக்கு ரொட்டி முதலியன செய்த ஆலை இதற்கு எடுத்துக்காட்டு.

வீட்டுச் சிக்கல்

1981 இல் 8 இலட்சத்துக்கு மேலிருந்த நகர மக்கள்தொகை 2021 இல் ஏறத்தாழ 5.45 இலட்சமாகக் குறைந்தது. இக்குறைவின் பெரும்பகுதி தொலைப்பணியாளர்களின் வருகைக்கு முன்பே, மக்கள் புறநகருக்குப் பெயர்ந்ததால் நிகழ்ந்தது. வாடகை உயர்வுக்கும் அவர்கள் மட்டும் காரணமல்லர். சுற்றுலா விடுதிகளாக மாறிய வீடுகள், முதலீட்டாளர் கொள்வனவு, புதிய கட்டுமானக் குறைவு, நாட்டின் மொத்த வீடுகளில் சுமார் 2 விழுக்காடே பொது வீடுகளாக இருப்பது ஆகியனவும் காரணங்களாகும். ஆயினும், முன்னரே நெருக்கடியிலிருந்த சந்தையில் உயர் வருமானத்தினர் சேர்ந்தது போட்டியைக் கூட்டியது.

2018 இல் அல்ஃபாமா, மொராரியா உள்ளிட்ட பகுதிகளில் குறுகிய கால வாடகைக்கான புதிய பதிவுகளை மாநகராட்சி நிறுத்தியது. 2023 ஏப்ரல் 1 அன்று "வாழ்வதற்கு வீடு" என்னும் முழக்கத்துடன் லிஸ்பனிலும் பிற நகரங்களிலும் பேரணிகள் நடைபெற்றன. அவ்வாண்டு அக்டோபர் மாதச் சட்டம் தங்க விசாவின் வீட்டு முதலீட்டு வழியை மூடியது. குறுகிய கால வாடகையையும் கட்டுப்படுத்தியது. 2024 இல் புதிய அரசு இக்கட்டுப்பாடுகளுட் பலவற்றைத் தளர்த்தி, முடிவெடுக்கும் அதிகாரத்தை நகராட்சிகளிடம் அளித்தது.