இருவரில் ஒருவர்: 1975 கோலாலம்பூர் தரும் பாடம்



மாவட்டப் போட்டிகள் நெருங்கும்பொழுது நம் தமிழ்ப்பள்ளிகளில் தவறாமல் எழும் சிக்கல் ஒன்றுண்டு. குழுவில் ஓரிடமே எஞ்சியிருக்கும். மாணவர் இருவர் காத்திருப்பர். ஒருவன் நிதானமானவன், எளிதில் தவறு செய்யாதவன். மற்றவன் சில வேளை சறுக்குவான், சில வேளை வியக்க வைப்பான். யாரைச் சேர்ப்பது? பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் மூத்தோர் இன்றும் நினைவுகூரும் ஓர் ஆட்டம் இதற்கு விடை சொல்கிறது.

1975 மார்ச்சில் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான மலேசியக் குழு அரையிறுதியில் இந்தியாவைச் சந்தித்தது. 70 நிமிட ஆட்டம் முடியும் தறுவாயில் மலேசியா 2-1 என முன்னிலை வகித்தது. அப்பொழுது இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் வாய்ப்புக் கிட்டியது.

களத்தில் இருந்தவர் மைக்கேல் கிண்டோ. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற, நம்பிக்கைக்குரிய தற்காப்பு ஆட்டக்காரர். வெளியே அமர்ந்திருந்தவர் இளைஞர் அஸ்லாம் ஷேர் கான். மேலாளர் பல்பீர் சிங் தரப்பு, கிண்டோவை வெளியேற்றி அஸ்லாமை இறக்கியது. 65ஆம் நிமிடத்தில் அவர் கோல் அடித்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலை அடிக்க, இந்தியா 3-2 என வென்றது. மார்ச் 15ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானை 2-1 என வீழ்த்தி உலகக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. நமக்கு நான்காம் இடம்.

இது வெறும் அதிர்ஷ்டமா? முடிவெடுக்கும் கோட்பாட்டைக் கொண்டு பார்ப்போம். 1944இல் நியூமனும் மோர்கென்ஸ்டெர்னும் செம்மைப்படுத்திய அக்கோட்பாடு, ஒவ்வொரு விளைவும் நிகழக்கூடிய வாய்ப்பையும் அதன் பயனையும் பெருக்கிக் கூட்டி ஒப்பிடச் சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ‘அ’ என்பவர் பத்து பெனால்டி கார்னர்களில் ஒன்றைக் கோலாக்குவார், தற்காப்பில் உறுதியானவர். ‘ஆ’ மூன்றைக் கோலாக்குவார். தற்காப்பில் தளர்ந்தவர் எனக் கொள்வோம். நம் குழு 2-1 என முன்னிலையில் இருந்தால் ‘அ’வே தக்கவர், விடப்படும் ஒரு கோல் வெற்றியைப் பறித்துவிடும். பின்தங்கியிருந்தாலோ, 1-2 எனத் தோற்பதும் 1-3 எனத் தோற்பதும் ஒன்றே. இழக்க ஏதுமில்லாதபொழுது ‘ஆ’வே தக்கவர். ஆட்டக்காரர்கள் மாறவில்லை, சூழல் மட்டுமே மாறியது!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அன்று அஸ்லாமின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தாலும் அம்முடிவு சரியானதே. முடிவெடுத்த கணத்தில் அறிந்தவற்றைக் கொண்டே முடிவை எடைபோட வேண்டும். பின்னர் விளைந்ததைக் கொண்டு அன்று. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்த அதிகாரமும் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. ஆளை அறிவது ஒன்று. அவரை வினைக்கு ஏற்ப அமர்த்துவது வேறொன்று.

ஆகவே, “இருவரில் யார் சிறந்தவன்?” என்று கேளாமல், “இப்போட்டிக்கு எது தேவை?” என்று கேட்போம். தேர்வாகாத பிள்ளையிடம் அக்காரணத்தை நாமே எடுத்துரைப்போம். இடம் கிடைக்காததைத் தன் தகுதியின்மை என்று அவன் எண்ணிவிடலாகாது. கிண்டோவும் உலகக் கிண்ணம் வென்ற அக்குழுவில் ஒருவரே அன்றோ?