18 ரன் கணக்கு

மே மாதம் பிறந்தால் நம் பக்கத்து டீக்கடைகளில் இரண்டே பேச்சு. ஒன்று வெயில். இன்னொன்று, "நம்ம டீம் உள்ளே போயிடுமா?" அவன் ஜெயிக்கணும், இவன் தோக்கணும், அங்கே மழை பெய்யணும் என்று, பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்தவர்கள்கூட வாய்க்கணக்காகவே தசம ஸ்தானம் வரைக்கும் போய்விடுகிறார்கள். ஐ.பி.எல். 2008-ல்தான் வந்தது. ஆனால் இந்தக் கவலை அதைவிடப் பழையது. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ரஞ்சி டிராபியின் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4, மதராஸுக்கும் மைசூருக்கும். ஒரே நாளில் முடிந்துவிட்டது. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். அப்போதெல்லாம் தோற்றால் வீடு, ஜெயித்தால் அடுத்த ஊர். கணக்குப் போட இடமே இல்லை. 1957-58-ல் மண்டலத்துக்குள் எல்லோரோடும் எல்லோரும் ஆடும் லீக் முறை வந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்த வியாதி.

தென் மண்டலத்தில் மதராஸ், மைசூர், ஹைதராபாத், ஆந்திரா, கேரளா. முழு வெற்றிக்கு அதிகப் புள்ளி. ஆட்டம் டிராவானால் முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்குக் கொஞ்சம். நம் பக்கம் வெங்கட்ராகவன், வி.வி.குமார். மைசூர் பக்கம் பிரசன்னா, சந்திரசேகர். ஹைதராபாத்தில் ஜெய்சிம்மா, பட்டோடி. நம் ஆட்டம் முடிந்த பிறகும் நிம்மதி கிடையாது. ஹைதராபாத்தில் மைசூர் என்ன செய்தது என்று தெரிய வேண்டும். அதற்கு மறுநாள் காலைப் பேப்பர் வரவேண்டும். பேப்பரைத் திறந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு அப்படி வந்ததுதான். பின்னாளில் வானொலியில் தமிழ் வர்ணனை வந்தது. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் குரல்களைத் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டவர்கள் காஞ்சிபுரம் பக்கம் நிறையப் பேர். சேப்பாக்கம் போய் நேரில் பார்ப்பதென்றால் அன்றைய கூலி போச்சு.

அந்தக் காலத்துக் கவலை மெதுவான கவலை. 1954-55-ல் ஹோல்கரை இந்தூரில் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய மதராஸ், அடுத்ததை 1987-88-ல்தான் வாங்கியது. நடுவில் 33 வருஷம். 1972-73 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டினோம். சிவால்கர் வந்து நம்மை 80-க்கும் 61-க்கும் சுருட்டினார். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கதை முடிந்தது. அதில் துக்கம் உண்டு, கணக்கு இல்லை.

இனி சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வருகிறேன்.

2010-ல் முதல் ஏழு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. அதில் ஒன்று, சேப்பாக்கத்தில் பஞ்சாபோடு 137 எடுக்க முடியாமல் 136-ல் சமனாகி, சூப்பர் ஓவரில் தோற்றது. அந்த வருஷம் பஞ்சாப் கடைசி இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏப்ரல் 3-ல் முரளி விஜய் 56 பந்தில் 127 அடித்து 246 வந்தது. அணி எழுந்து உட்கார்ந்தது. கடைசி லீக் ஆட்டம் ஏப்ரல் 18, தர்மசாலாவில், அதே பஞ்சாப். 193 எடுத்தாக வேண்டும். கடைசி ஓவரில் 16. போட்டவர் இர்பான் பதான். தோனி நாலு, இரண்டு, ஆறு, ஆறு என்று அடித்து, இரண்டு பந்து மிச்சம் வைத்து முடித்தார். அடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டிலேயே குத்திக்கொண்டதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். லீக் முடிந்தபோது நாலு அணிகள் 14 புள்ளியில் நின்றன, இரண்டுக்குத்தான் இடம். சென்னை உள்ளே போனது, ஒரு வாரத்தில் மும்பையை 22 ரன்னில் தோற்கடித்துக் கோப்பையும் வாங்கியது.

அது நல்ல கவலை என்பேன். மட்டை நம் கையில் இருந்தது.

2012 வேறு மாதிரி. மே 17-ல் அதே தர்மசாலா, அதே பஞ்சாப். இந்த முறை தோல்வி. சென்னையின் 16 ஆட்டமும் முடிந்துவிட்டது. கையில் 17 புள்ளி. பெங்களூருக்கும் 17, ஆனால் அவர்களுக்கு இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி. மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஏரிப் பாசனக்காரர்களுக்கு இது புரியும். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் போனால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். அங்கே என்ன நடக்கிறது என்று கரையில் நின்று பார்க்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

மே 20, ஹைதராபாத். டெக்கான் சார்ஜர்ஸ் எடுத்தது 132. பெங்களூருக்கு இது ஒரு ஸ்கோரே இல்லை என்று எல்லோரும் டி.வி.யை அணைக்கப் போனோம். டேல் ஸ்டெய்ன் நாலு ஓவர் போட்டு எட்டு ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். பெங்களூர் 123. ஒன்பது ரன் வித்தியாசம். தமிழ்நாடு முழுக்க ஒரு தென்னாப்பிரிக்கர் ஒரே ராத்திரியில் சொந்தக்காரர் ஆனார்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. டெக்கான் அப்போதே போட்டியிலிருந்து வெளியே போய்விட்ட அணி. ஒன்பதில் எட்டாவது இடம். ஜெயித்தாலும் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் ஸ்டெய்ன் முழு வேகத்தில் ஓடி வந்தார். லீக் போட்டி நேர்மையாக நடக்கிறதா என்பது முதல் இடத்துக்காரனைப் பொறுத்ததில்லை, இழக்க ஒன்றுமில்லாதவன் கடைசி நாளில் எப்படி ஆடுகிறான் என்பதைப் பொறுத்தது. அந்த செப்டம்பரிலேயே டெக்கான் அணியின் உரிமம் ரத்தானது. நமக்கு வழி விட்ட ஆட்டம்தான் அவர்களுடைய கடைசி ஆட்டம்.

அப்படி உள்ளே போன சென்னை மும்பையையும் டெல்லியையும் வென்று சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம் ஆடியது. 190 அடித்தும் கொல்கத்தாவின் பிஸ்லா 89 அடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அதைப் பற்றி இன்னும் எழுத எனக்கு மனசில்லை.

இந்த நெட் ரன் ரேட்டைப் பேரப்பிள்ளைகள் சொல்லும்போது தலையாட்டுகிறவர்களுக்காக: சராசரியாக ஓர் ஓவருக்கு நாம் எடுத்த ரன்னிலிருந்து, ஓர் ஓவருக்கு நாம் கொடுத்த ரன்னைக் கழிக்க வேண்டும். 20 ஓவரில் 160 எடுத்தால் ஓவருக்கு 8. எதிரணியை 140-ல் நிறுத்தினால் 7. மிச்சம் 1. சீசன் முழுவதற்கும் சேர்த்து இப்படிப் போடுவார்கள். ஒரு அணி சீக்கிரமே ஆல் அவுட்டானால், அதை 20 ஓவரும் ஆடியதாகவே வைத்து வகுப்பார்கள். அவ்வளவுதான்.

2024 மே 18 பெங்களூரில் இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போனது. பெங்களூர் முதல் எட்டு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்திருந்தது, பிறகு தொடர்ந்து ஐந்து. அவர்களுக்கு 12 புள்ளி, நமக்கு 14. மழை வந்து ஆட்டம் நின்றுபோனால் சென்னை உள்ளே. பெங்களூர் ஜெயித்தால் மட்டும் போதாது, 18 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அன்றைக்குப் பெங்களூரில் மழை பெய்ய வேண்டும் என்று நம் ஜனங்கள் வேண்டிக்கொண்டது காவிரிக்காக அல்ல! மூன்று ஓவர் முடிந்ததும் மழை வரவும் செய்தது. வந்த வழியே போய்விட்டது.

பெங்களூர் 218. சென்னை ஜெயிக்க 219 வேண்டும். தோற்றாலும் பிழைக்க 201 போதும். ஒரே ஆட்டத்தில் இரண்டு இலக்கு. கடைசி ஓவரில் முதலாவதற்கு 35, இரண்டாவதற்கு 17. யஷ் தயாள் போட்ட முதல் பந்தைத் தோனி 110 மீட்டருக்கு அடித்தார். பந்து மைதானத்துக்கு வெளியே. ஐந்து பந்தில் 11 போதும். பனியில் நனைந்த பந்து போய் உலர்ந்த பந்து வந்ததுதான் தங்களுக்கு நல்லதாயிற்று என்று தினேஷ் கார்த்திக் பிறகு சொன்னார். அடுத்த பந்தில் தோனி அவுட். மிச்ச நாலு பந்தில் ஒரே ரன். 191. முந்தின வருஷம் இதே தயாளைத்தான் ரிங்கு சிங் கடைசி ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அந்தப் பையனுக்காகச் சந்தோஷப்பட முடியாமல் போனது.

இரு அணிக்கும் 14 புள்ளி. பெங்களூர் 0.459, சென்னை 0.392. வித்தியாசம் 0.067. இதை ரன்னாக மாற்றிப் பார்த்தேன். 14 ஆட்டம், ஏறக்குறைய 280 ஓவர். சுமார் 19 ரன். மற்ற 13 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒன்றரை ரன் கூட எடுத்திருந்தால் கடைசி ஓவரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். மார்ச் மாதத்தில் பவுண்டரியில் நழுவ விட்ட ஒரு பந்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? நெட் ரன் ரேட் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் பேஸ்பால் பார்த்திருப்பீர்கள். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். 1951-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகஸ்ட் 11 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு 13½ ஆட்டம் பின்னால் கிடந்தது. சீசன் முடியும்போது இரண்டும் சமம். தசமக் கணக்கெல்லாம் போடவில்லை. மறுபடி மூன்று ஆட்டம் வைத்தார்கள். மூன்றாவதில், அக்டோபர் 3 அன்று, பாபி தாம்சன் அடித்த ஒரு ஹோம் ரன்னில் ஜயன்ட்ஸ் உள்ளே போனது. எனக்கு அந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. சமமாக வந்தவர்கள் மறுபடி ஆடிப் பார்க்கட்டுமே. ஆனால் அவர்களும் 2022-லிருந்து அந்த வழக்கத்தை விட்டுவிட்டுக் கணக்குக்கே வந்துவிட்டார்கள். டி.வி.க்காரர்களுக்குத் தேதி முக்கியம்.

2025-ல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏப்ரல் 30-ஆம் தேதி சேப்பாக்கத்தில் பஞ்சாபிடம் தோற்றதோடு, அந்த வருஷம் முதலில் வெளியேறிய அணி சென்னை. சாஹல் ஒரே ஓவரில் ஹாட்ரிக் எடுத்தார். மே மாதம் முழுக்க டீக்கடையில் வெயிலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.