கஞ்சி அடுப்பு எரியாத ரமலான்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஹிஜ்ரி 1441 ரமலான் முதல் நாள், 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. அன்று ஜும்ஆ இல்லை, ரமலான் சந்தை இல்லை. தூக்குச்சட்டியோடு நோன்புக் கஞ்சிக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளும் இல்லை. நம் சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதும்போது அந்த நோன்பை விட்டுவிட முடியாது.

மார்ச் 18 முதல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தது. ஏப்ரல் 20இல் செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியுள்ள பகுதிகளில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. வீதிகளை முள்கம்பி அடைத்தது. சில நாட்களில் செலாயாங் பாருவின் ஒரு பகுதியும் அடைபட்டது. சந்தையில் மூட்டை சுமந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், ரோஹிங்கியா அகதிகள். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆகவே அவர்களுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடையாது. அன்றாடக் கூலி நின்றதும் அடுப்பும் அணைந்தது.

கம்பிக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அரசாங்கம் சமூக நல இலாகா வழியாக உணவுப்பொருள் அனுப்பியது. கம்பிக்கு வெளியே, நம் வீதிகளிலும் பசி இருந்தது. கஞ்சிக்கென்று சேர்த்த பணத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், முட்டை வாங்கினோம். காய்கறி வியாபாரம் செய்யும் சீன அண்டைவீட்டார் உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தந்தார். எதிர்வீட்டு இந்து சகோதரர் தம் வேனைக் கொடுத்து, தாமே ஓட்டியும் வந்தார். மலாய்க்கார அக்கம்பக்கத்தார் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துக் கொடுத்தார்கள்.

முதலில் ஒரு தவறு செய்தோம். வாங்குபவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தோம். கணக்குக் காட்ட அது தேவை என்று நினைத்தோம். மே 1இல் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும், மே 11இல் செலாயாங் சந்தைப் பகுதியிலும் குடிநுழைவுத் துறை சோதனை நடத்திப் பலரைத் தடுத்து வைத்தது. அதன்பின் நம் வரிசைக்கு வந்தவர்கள் குறைந்தார்கள். பசி குறையவில்லை, பயம் கூடியிருந்தது. அன்றோடு படம் எடுப்பதை நிறுத்தினோம். பையைக் கதவில் மாட்டி, ஸலாம் சொல்லி, திறக்கக் காத்திராமல் நகர்ந்தோம். கணக்கேட்டில் பெயர் எழுதவில்லை. கதவு எண் மட்டும் எழுதினோம்.

2021 ஜூனில் நாடு மீண்டும் முழுமையாக முடங்கியது. அம்மாத இறுதியில், உதவி தேவைப்படும் வீட்டார் வெள்ளைக் கொடி ஏற்றலாம் என்ற அழைப்பு நாடெங்கும் பரவியது. கொடி ஏற்றவும் கூசிய வீடுகள் நம் வீதியில் இருந்தன. அந்தக் கதவு எண்கள் அப்போது நமக்கு உதவின.

இன்று கஞ்சி அடுப்பு மீண்டும் எரிகிறது. அண்டைவீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பவர் முஃமின் அல்லர் என்ற நபிமொழியை மதரஸாவில் மனனம் செய்தவர்கள் நாம். அதை எந்த மதத்தார், எந்த நாட்டார் என்று பாராமல் செய்துகாட்டிய அந்த அண்டைவீட்டார் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி அளிப்பானாக. ஆமீன்.